மெர்வ் பாஸ்கோ எல்லோரையும் கூப்பிட்ட சொல்

மெர்வ் பாஸ்கோ என்னை முதன்முதலாக "மேட்" என்று கூப்பிட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் போர்ட் லிங்கனுக்குக் குடிவந்து நாங்கள் பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு சிவந்த முகம் எட்டிப் பார்த்து, "மீன் தின்பியா, மேட்?" என்றது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளை பெற்றவள். முன்பின் தெரியாத கிழவர் என்னைப் பார்த்து என்னமோ "டேய்" என்பதுபோல் கூப்பிடுகிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்தால் நம் ஊர்க் கிழங்கான் மீன், ஆனால் இரண்டு மடங்கு பெரிது, தோலும் முள்ளும் எடுத்துப் பளிச்சென்று இருந்தது. கோபத்தை ஒத்திவைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன்.

என் பெயர் வளர்மதி. அந்த ஊரில் யாருக்கும் அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லப் பொறுமை கிடையாது. முதல் வாரமே கத்தரித்துவிட்டார்கள். அது வேலா வாலா என்று அவர்கள் வாயசைவை வைத்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை. என் குணத்தைப் பார்த்து என் கணவர் 'வால்'தான் சரி என்றார். ஆனால் மெர்வ் அந்தக் கத்தரித்த பெயரைக்கூடச் சொன்னதில்லை. நான் மேட். என் கணவர் மேட். தபால்காரர் மேட். எங்கள் வீட்டு மாடியில்லாத மொட்டைக் கூரையில் வந்து உட்காரும் கடற்பறவையும் மேட். பெண்களை அந்த ஊர் ஆண்கள் பெரும்பாலும் 'லவ்' என்பார்கள், அது இன்னும் மோசம். ரொட்டிக் கடைக்காரர் என்னை அப்படிக் கூப்பிட்ட அன்றே என் கணவர் கடையை மாற்றினார்.

சரி, மேட் என்றால் நண்பன் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். கிளாஸ்மேட், ரூம்மேட் என்று நமக்குத் தெரியாததா? அந்த முடிவு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கடற்கரை மதுக்கடை வாசலில் இரண்டு பேர் மூக்கோடு மூக்கு உரச நின்றுகொண்டு, "இத பாரு, மேட்" "நீ பாரு, மேட்" என்று ஒருவரையொருவர் மேட் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகா, என்ன ஒற்றுமை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் ஒருவர் மற்றவரைக் குத்திவிட்டார். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்கு அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டிய போலீஸ்காரரும் மெர்வை மேட் என்றுதான் கூப்பிட்டார். மெர்வும் "ரொம்ப நன்றி, மேட்" என்று வாங்கிக்கொண்டார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தேன்.

போதாததற்கு மேட் என்பது அவருடைய உத்தியோகமாகவும் இருந்தது. சூரை மீன் பிடிக்கும் 'லூசியா' என்ற படகில் அவர் வாழ்நாளெல்லாம் மேட். அதாவது தலைவருக்கு அடுத்தவர். தலைவர் தூங்கினால் சுக்கானைப் பிடிக்கிறவர். இது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. என் அப்பா விழுப்புரத்தில் ரயில்வேக்காரர். தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களுக்குத் தலைமை தாங்குகிறவரை அங்கேயும் மேட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊர் மேட் வந்தால் ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். இங்கே மேட் வந்தால் ஒரு பீர் கூடுதலாகத் திறக்கிறார்கள்.

பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் ஹெதரிடம் கேட்டேன். அவள் உற்சாகமாகிவிட்டாள். ஒரே மேசையில் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்கிறவன் என்பதுதான் ஆதியில் அதற்குப் பொருளாம், வடகடல் பக்கத்து மாலுமிகள் வாயிலிருந்து இங்கிலாந்துக்கு வந்ததாம், இறைச்சியைச் சொல்லும் 'மீட்'கூட அதற்குச் சொந்தக்காரனாம். அட, பங்காளி என்று நினைத்துக்கொண்டேன். சோற்றைப் பங்குபோடுகிறவனும் பங்காளி, வாய்க்கால் தகராறில் கோர்ட்டுக்கு இழுக்கிறவனும் பங்காளி. மதுக்கடை வாசல் குத்து அப்போதுதான் விளங்கியது. "ஆனா செஸ் விளையாட்டுல வர்ற மேட் வேற" என்று ஹெதர் மறுபடி குழப்பினாள். அது பாரசீகத்திலிருந்து வந்ததாம். ராஜா செத்தான் என்று சிலர் சொல்கிறார்களாம், ராஜா திகைத்துப்போய் நிற்கிறான் என்று சிலர். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, ஆனால் ஒட்டுமில்லை உறவுமில்லை. நம் ஆட்கள் யாராவது கேட்டிருந்தால் ராஜா மாட்டிக்கொண்டார், அந்த 'மாட்டு'தான் மேட் ஆயிற்று என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பார்கள். நானே இரண்டு நாள் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் மெர்விடம் சொன்னேன். சனிக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுப் பின்வாசலில் நாங்கள் செஸ் ஆடுவோம். அவர் சொன்னார்: "மேட்னா மேட்தான், மேட். அதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு? உன் குதிரையப் பாரு, வெட்டுப்படப் போவுது."

மெர்வ் வேலை பார்த்த காலத்தில் சூரையைத் தூண்டிலில்தான் பிடித்தார்கள். படகின் பின்புறம் தண்ணீர் மட்டத்தில் தொங்கும் இரும்புத் தட்டில் வரிசையாக நின்று, மூங்கில் கழியால் கொக்கியை வீசி, மீனைத் தலைக்கு மேலே சுழற்றிப் பின்னால் போட வேண்டும். பெரிய மீன் என்றால் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து இழுப்பார்கள். ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் மீனோடு ஆளும் போய்விடுவான். அதில் அவர் இடது கைச் சுண்டுவிரல் நுனி போனது. தலைவர் ஆன்டே குரோவேஷியாக்காரர். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்று, ஒரே படுக்கையில் முறைபோட்டுத் தூங்கி வளர்ந்தவர்கள். பிறகு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அரசாங்கம் அளவு வைத்தது. பிடிக்கும் உரிமை படகின் சொந்தக்காரர்களுக்குப் போனது; லூசியா ஆன்டேயுடையது. ஆன்டே கடலில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்த்து, ஜப்பானுக்கு விற்று, மலைமேல் கண்ணாடி மாளிகை கட்டினார். மெர்வுக்கு ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது.

மெர்வ் சண்டை போடவில்லை. ஆன்டேயைப் பார்த்தால் "வணக்கம், தலைவரே" என்பார், அவ்வளவுதான். நாய், பூனை, போலீஸ் என்று ஊரையே மேட் என்றவர், உடன்பிறந்த அண்ணனைப்போல இருந்த அந்த மனிதரை மட்டும் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அது ஆன்டேயை எப்படி அறுத்தது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்டே மெர்வ் வீட்டிலிருந்து வெளியே வந்து தன் பெரிய காரில் உட்கார்ந்தவர், வண்டியை எடுக்கவே இல்லை. நான் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கினார். கன்னமெல்லாம் ஈரம்.

"வால், என்னை மேட்னு கூப்பிட்டான்."

"யாரு?"

"மெர்வ்தான். 'எப்படி இருக்க, மேட்'னு தோளத் தட்டினான். எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? நான் செத்தா என் பெட்டிய அவன் தூக்குவானான்னு நினைச்சு நினைச்சுப் படுத்திருக்கேன். இப்ப தூக்குவான்."

எனக்கும் மனசு நிறைந்துபோனது. கிழவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று அன்று கேசரி கிண்டி நொரீனுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நொரீன் மெர்வின் மனைவி. பேச்சு குறைவு, கை ஓயாத மனுஷி. துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கிண்ணத்தை வாங்கிப் புல்லில் வைத்துவிட்டு, ஈரத் தலையணை உறையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்ன ஆச்சு நொரீன்?"

"சாப்பிடறப்போ என்னைப் பார்த்து, 'உப்ப இப்படித் தள்ளு, மேட்'ங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு யாரைத்தான் அப்படிக் கூப்பிடல? பூனையக்கூடத்தான்..."

"நான் பூனை இல்ல, வால். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அவனுக்கு நோர். சண்டைன்னா நொரீன். மேட்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. இப்ப ஒரு மாசமா வேற எதுவுமே இல்ல." உறையைக் கொடியில் மாட்டினார். "பேரு போயிடுச்சு. எல்லாப் பேரும். மகனோட பேரு, படகோட பேரு. நீ யாருன்னு நினைக்கிற? ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ போனப்புறம், 'அந்தப் பொண்ணு நல்லா ஆடுது, யாரு அது?'ன்னு கேக்கறான்."

என் தலையில் யாரோ ஒரு தட்டுத் தட்டியது மாதிரி இருந்தது. நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்தேன். நான் அவரோடு ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதில் எந்த மேட் பிரியம், எந்த மேட் வெறும் இடம் நிரப்பல்? வேலியில் மீன் நீட்டிய மேட் நிஜம். போன வாரத்து மேட்? அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் மேட்? எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது? பெயர் சொல்லிக் கூப்பிட்டே ஆகவேண்டிய ஊராக இருந்தால் என்றைக்கோ குட்டு வெளிப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அத்தை, சித்தப்பா, மச்சான் என்று மாற்றிக் கூப்பிட்டால் அடுத்த நிமிஷமே பஞ்சாயத்து கூடியிருக்கும். இந்த ஊரில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மொத்த ஊரையும் மறந்துவிட்டுச் சகஜமாக நடமாடலாம். ஆன்டேயிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனார் நொரீன். அங்கேயும் அதே கதைதான். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டால், "ஏன் மேட், உனக்கு மறந்துபோச்சா?" என்று மெர்வ் கேட்டிருக்கிறார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். வயசானால் இதெல்லாம் சகஜம், கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கவனமாகப் பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? மெர்வ் இன்னும் வண்டி ஓட்டினார். வண்டிக்குப் பின்னால் சின்னப் படகைக் கட்டி இழுத்துப்போய், கடலில் இறக்கி, தனியாக மீன் பிடிக்கப் போனார். ஒருமுறை மாலை வரை திரும்பவில்லை. வேறொரு மீனவர் தீவுக்குப் பின்னாலிருந்து அவரை இழுத்து வந்தார். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது, பெட்ரோலும் இருந்தது. எந்தப் பக்கம் வருவது என்பதுதான் தெரியவில்லை. நொரீன் சாவியை மாவு டப்பாவில் ஒளித்தார். மெர்வ் வீட்டைப் புரட்டிப்போட்டு, நொரீன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "யாரு மேட் நீ? என் படகுல உனக்கு என்ன வேலை?" என்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. மறுநாள் சாவி மாவோடு பழைய ஆணிக்குத் திரும்பியது.

"பிடுங்க முடியாது, வால்" என்றார் நொரீன். "கடல்ல அவன் கையிலேர்ந்து சுக்கானப் பிடுங்கின ஆளு ஒருத்தனும் இல்ல. பிடுங்கினா உடைஞ்சு போயிடுவான். பிடுங்காம விட்டா ஒரு நாள் பொணமா வருவான்."

கணக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு இரண்டு பக்கமும் நஷ்டமாக வரும் கணக்கு பிடிக்காது.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, தெற்கேயிருந்து குளிர்காற்று ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் சின்னப் படகுக்காரர்கள் யாரும் போக மாட்டார்கள். நொரீன் இரவு உடையோடு என் கதவைத் தட்டினார். வண்டியும் இல்லை, படகும் இல்லை. என் காரில் பறந்தோம். வழியெல்லாம் நான் டாக்டரையும் மாவு டப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

படகு இறக்கும் சரிவில் அவர் வண்டி நின்றது. பின்னாலிருந்த படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. வண்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மெர்வ் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். போகப்போகிறாரா, போய்விட்டு வந்தாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. அலை வந்து படகை ஒரு தூக்குத் தூக்கி வண்டியை அரையடி பின்னுக்கு இழுத்தது.

"மெர்வ், இறங்குங்க" என்றேன். "காத்து அடிக்குது, பாக்கறீங்கல்ல? வீட்டுக்குப் போலாம்."

"வேலையா இருக்கேன், மேட்."

"என்ன வேலை? ஒழுங்கா இறங்குங்க. இல்லாட்டி நான் போலீசக் கூப்பிடுவேன்." கதவைப் பிடித்து இழுத்தேன். உள்ளே பூட்டியிருந்தது. அவருடைய கைமுட்டிகள் வெளுத்தன. வண்டி இன்னும் கொஞ்சம் நழுவியது.

நொரீன் என்னை ஒதுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரவு உடையை இழுத்துவிட்டுக்கொண்டு, அலுப்பான, சாதாரணமான குரலில் சொன்னார்: "நான் மாத்திவிட வந்திருக்கேன்."

மெர்வ் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நொரீனின் முகத்தில் எதையோ தேடினார், அது கிடைத்த மாதிரித் தெரியவில்லை. பிறகு அவருடைய தோள் இறங்கியது.

"எரநூத்திப் பத்து" என்றார். "தெக்கத்திக் காத்து. வலது கைப்பக்கம் ஒரு படகு வெளிச்சம் இல்லாம நிக்குது, பாத்துக்க."

வலது பக்கம் எந்தப் படகும் இல்லை. பெலிக்கன் பறவைகள்தான் இருந்தன.

"எரநூத்தி இருபது" என்றார் நொரீன். "தெக்கத்திக் காத்து..."

"இல்ல, மேட்." கை இறுகியது. "எரநூத்திப் பத்து."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமான புதிதில் ஒரு பருவம் நொரீன் லூசியாவில் சமையல் செய்திருக்கிறார், படகில் முறை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்குத் தெரியும். சுக்கானைக் கொடுக்கிறவன் படகு போகும் திசையைத் திசைகாட்டிப் பாகையில் சொல்வான், காற்றையும் கண்ணில் பட்ட படகுகளையும் சொல்வான். வாங்குகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகாமல் சொல்லும்வரை கொடுக்கிறவன் கையை எடுக்க மாட்டான், எதிரே நிற்பது யாராக இருந்தாலும் சரி.

நொரீன் மூச்சை இழுத்து விட்டார். "எரநூத்திப் பத்து. தெக்கத்திக் காத்து. வலது கைப்பக்கம் ஒரு படகு, வெளிச்சம் இல்ல. பாத்துக்கறேன்."

"சரி. உன் கையில."

மெர்வ் கையை எடுத்தார். பூட்டைத் திறந்தார். பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, தொப்பியை முகத்தில் சாய்த்துக்கொண்டார். நொரீன் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டு வண்டியைச் சரிவிலிருந்து மேலே ஏற்றினார். படகு தண்ணீரைச் சொட்டிக்கொண்டே பின்னால் வந்தது. நான் பக்கத்திலேயே ஓடினேன். அவர் தன் மனைவியிடம் கொடுத்தாரா, பழைய படகுத் தோழன் எவனிடமோ கொடுத்தாரா, யாரோ ஒருவரிடம் கொடுத்தாரா? எனக்குத் தெரியாது. ஆனால் ஊரில் எவர் கேட்டும் கொடுக்காததை அவர் அந்த மனுஷியிடம்தான் கொடுத்தார்.

சமதரையில் வண்டி நின்றது. தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என் முறை வந்ததும் எழுப்பு, மேட்."

நொரீன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுப்பறேன், மேட். நீ தூங்கு."